வயர் செருகியிருக்கு, இன்ரநெற் இல்லை: லினக்ஸ் கணினியில் அறிகுறி பார்த்துப் பிழை பிடித்தல்

வயர் வழி வந்த இன்ரநெற் திடீரென்று நின்றால் பலர் உடனே செற்றிங்ஸைத் திறந்து ஐபி முகவரியை மாற்றிப் பார்க்கிறார்கள். இருந்த ஒரு பிழை அத்தோடு இரண்டாகிவிடும். பிறகு வயரைச் சரியாகச் செருகினாலும், கையால் போட்ட அந்த முகவரி வழியை மறித்துக்கொண்டு நிற்கும். ஆகவே எதையும் மாற்றுமுன் பாருங்கள். கீழிருந்து மேலே போகவேண்டும்: வயர், லான் கார்ட் (வயர் செருகும் கார்ட்), முகவரி, வழி, கடைசியாகப் பெயர் (தளத்தின் பெயரை எண்ணாக மாற்றுவது). எந்தப் படியில் நிற்கிறது என்று பிடிபட்டால் மிச்சம் சின்ன வேலை.

இன்ரநெற் இல்லாத கணினியில் இதை வாசிக்க முடியாது. கையில் போனோடு, அல்லது கனடாவிலிருந்து மகள் வாசிக்க வாசிக்கத்தான் அநேகமாகத் தட்டப்போகிறீர்கள். அதனால் கட்டளைகளை வாயால் சொல்வதுபோலவே எழுதியிருக்கிறோம். டேர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லியிருக்கிறோம். கார்டின் பெயருக்கு உதாரணமாக ‘ஈஎன்பி3எஸ்0’ என்று வைத்திருக்கிறோம். ‘ஐபி லிங்க்’ என்று தட்டினால் உங்கள் கார்டின் பெயர் தெரியும். பட்டியலில் முதலில் வரும் ‘எல்ஓ’ கணினி தன்னோடு தானே பேசுவது, அதை விடுங்கள். ‘டபிள்யூஎல்’ என்று தொடங்குவது வைஃபை. ‘ஈஎன்’ அல்லது ‘ஈடிஎச்’ என்று தொடங்குவதுதான் வயர்.

முதலில்: பிழை கணினியில்தானா?

அதே ரவுட்டரின் வைஃபையில் இருக்கும் போனில் மொபைல் டேற்றாவை நிறுத்திவிட்டு ஏதாவது ஒரு பக்கத்தைத் திறவுங்கள். நிறுத்தாவிட்டால் போன் சத்தமில்லாமல் டேற்றாவுக்கு மாறி உங்களை ஏமாற்றும். போனிலும் வராவிட்டால் கணினியைத் தொடவேண்டாம். ஃபைபர் இணைப்பென்றால் பெட்டியில் ‘எல்ஓஎஸ்’ என்ற லைற் சிவப்பாக எரிகிறதா பாருங்கள். எரிந்தால் வீதியிலிருந்து ஒளி வரவில்லை, கம்பனிக்குத்தான் அறிவிக்கவேண்டும்.

கரன்ட் போய் வந்தபின் ரவுட்டர் முழுதாக எழும்ப இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும். யுபிஎஸ்ஸில் இருந்த கணினி அந்த நேரத்தில் முகவரி கேட்டுக் கேட்டுக் களைத்து நின்றுவிடுவதுண்டு. வயரைக் கழற்றி ஐந்து விநாடி விட்டுத் திரும்பக் கொழுவினால் மறுபடி கேட்கும். நடுவே அலுமாரிக்குப் பின்னால் சின்ன நெற்வேர்க் சுவிட்ச் ஒன்று இருந்தால் அதற்கும் கரன்ட் இருக்கிறதா பாருங்கள். ரவுட்டருக்கு மினி யுபிஎஸ் வாங்கிய வீடுகளிலும் இந்தச் சுவிட்சை மறந்துவிடுகிறார்கள்.

செருகும் இடத்தில் லைற் எரியவில்லை

எங்கள் பக்கத்தில் அதிகம் கைபார்க்க வேண்டியிருப்பது இந்தப் படியில்தான். கணினிப் பக்கம், ரவுட்டர்ப் பக்கம் இரண்டையும் பாருங்கள். நிறத்தை வைத்து முடிவெடுக்கவேண்டாம், ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் ஒவ்வொரு நிறம். எரிகிறதா, துடிக்கிறதா என்பதே கேள்வி.

பிறகு ‘ஐபி லிங்க்’. உங்கள் கார்டின் வரியில் கோண அடைப்புக்குள் இருக்கும் சொற்களை வாசியுங்கள். ‘நோ-கேரியர்’, ‘அப்’ இரண்டும் இருந்தால் கார்ட் விழித்திருக்கிறது. மறுமுனையிலிருந்து சைகை வரவில்லை. வயர் அல்லது போர்ட் பிழை. அடைப்புக்குள் ‘அப்’ என்ற சொல்லே இல்லாவிட்டால் மென்பொருள் கார்டை நிறுத்தி வைத்திருக்கிறது. அந்த நிலையில் நல்ல வயரைக் கொழுவினாலும் லைற் எரியாமலிருக்கலாம். ‘சூடோ ஐபி லிங்க் செற் ஈஎன்பி3எஸ்0 அப்’ என்று தட்டிவிட்டு மறுபடி பாருங்கள். (‘சூடோ’ என்பது எஸ்-யு-டி-ஓ, கட்டளையை நிர்வாகி உரிமையோடு ஓட்டுவது.)

வயரைச் சோதிக்க, வேலை செய்கிறது என்று தெரிந்த இன்னொரு வயரைப் போடுங்கள். பிறகு ரவுட்டரில் வேறு போர்ட். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவேண்டும். இரண்டையும் ஒன்றாக மாற்றிச் சரிவந்தால் எது பிழை என்று தெரியாமலே போய்விடும்.

வயர்தான் என்றால் பார்க்கவேண்டிய இடங்கள் சில. பிளக்கின் கிளிப் உடைந்திருந்தால் செருகியதுபோல் தெரியும், மேசையைத் தள்ளும்போது விட்டுப்போகும். குருநகர், பாசையூர், காரைநகர், பருத்தித்துறை போலக் கடற்காற்று படும் இடங்களில் பிளக்கின் எட்டுத் தகடுகளிலும் உப்பு ஏறும். உள்ளே செம்பில் களிம்பு பிடிக்கும். ஐசோபுரோபைல் அல்ககோல் தொட்ட பஞ்சால் துடைத்துப் பாருங்கள். பச்சை நிறம் வயருக்குள்ளேயே போயிருந்தால் துடைத்துப் பயனில்லை, பளபளக்கும் செம்பு வரும்வரை வெட்டிப் புதுப் பிளக் அடிக்கவேண்டும். கணினியின் குழிக்குள்ளும் போன் ரோர்ச் அடித்துப் பாருங்கள். எட்டுச் சின்னக் கம்பிகளும் ஒரே வரிசையில், ஒரே உயரத்தில் நிற்கவேண்டும். ஒன்று அமுங்கியோ பக்கத்துக் கம்பிமேல் சாய்ந்தோ இருந்தால் அதுதான் காரணம். எறும்புக் கூடும் இருக்கக்கூடும். ஓட்டு முகட்டுக்குள்ளால் இழுத்த வயரென்றால் அணில் கடித்திருக்கிறதா என்று நீளம் முழுக்கக் கையால் தடவிப் பார்க்கவேண்டியதுதான், அதற்குக் குறுக்குவழி இல்லை.

புதுப் பிளக் அடிக்கும் வரிசை, கிளிப் கீழ்ப்பக்கம் பார்க்க இடமிருந்து வலம்: வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைக் கபிலம், கபிலம். இரு முனையும் ஒரே வரிசை. பச்சைச் சோடி நீலத்தைத் தாண்டி மூன்றிலும் ஆறிலும் நிற்பதைக் கவனியுங்கள். சோடி சோடியாக ஒழுங்காக அடுக்கினால் வடிவாக இருக்கும், ஆனால் பிழைக்கும். முறுக்கை 13 மில்லிமீற்றருக்கு மேல் பிரிக்கவேண்டாம். வெளித்தோல் பிளக்குக்குள் போய் குறடு அமுக்கும் இடத்தில் பிடிபடவேண்டும், இல்லாவிட்டால் இழுவை முழுக்க மெல்லிய கம்பிகளில் விழும். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 100 மீற்றருக்கு மேல் போகாது.

மலிவு வயர் வாங்குமுன் ஒரு கம்பியை பிளேட்டால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். வளைத்தால் முறியும், பூட்டிய இடம் கறுத்துத் தொடர்பு போகும். சுவருக்குள் இழுக்க அதை வாங்கவேண்டாம்.

லைற் எரியவில்லை, ஆனால் விண்டோஸில் எரிகிறது

ஒரே கணினியில் இரண்டும் போட்டிருப்பவர்களுக்கு மட்டும். விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்ராட்டப்’ கணினியை முழுதாக நிறுத்துவதில்லை, பாதித் தூக்கத்தில் விடும். ‘றியல்ரெக்’ கம்பனியின் சில லான் கார்டுகள் அந்தத் தூக்கத்திலிருந்து லினக்ஸுக்கு எழும்ப மறுக்கும். உடனடி வழி: கணினியை நிறுத்தி, சுவர்ப் பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அமுக்கிப் பிடித்துவிட்டுத் திரும்பப் போடுவது. நிரந்தர வழி: விண்டோஸுக்குள் போய் ‘ஃபாஸ்ட் ஸ்ராட்டப்’பை நிறுத்துவது.

இடி மின்னலுக்குப் பிறகு

ஐப்பசி, கார்த்திகை மாரியில் மட்டுமல்ல, சித்திரை மழையிலும் இது நடக்கும். வீட்டிலிருந்து முன்கடைக்கோ அயல் வீட்டுக்கோ வெளியால் இழுத்த செம்பு வயர் அன்ரெனா மாதிரி வேலை செய்யும். மின்னல் நேரே விழவேண்டியதில்லை, அருகில் விழுந்தாலே அந்த வயரில் பாயும் அழுத்தம் போதும். கணினி நன்றாக ஓடும், போர்ட் மட்டும் செத்திருக்கும்.

அடையாளம் இரண்டு வகை. உள்ளே பூட்டிய கார்டுகளைக் காட்டும் ‘எல்எஸ்பிசிஐ’ கட்டளையின் பட்டியலிலேயே கார்ட் இல்லாமல் போகலாம். அல்லது பட்டியலில் இருக்கும், அதை இயக்கும் மென்பொருளான ட்ரைவரும் ஏறும், ‘ஐபி லிங்க்’கில் பெயரும் வரும், ஆனால் எந்த நல்ல வயரைப் போட்டாலும் ‘நோ-கேரியர்’தான். இரண்டாவதில் கணினிப் பக்கச் சுற்று உயிரோடு இருக்கிறது, வயரைப் பார்க்கும் பக்கம் எரிந்துவிட்டது. ட்ரைவரை எத்தனை தடவை மாற்றினாலும் வராது. ஆனால் முடிவுகட்டுமுன் ரவுட்டர் போர்ட்டையும் சோதியுங்கள், அடிபட்டது அந்தப் பக்கமாக இருக்கலாம்.

மதர்போர்டை மாற்றத் தேவையில்லை. யுஎஸ்பியில் செருகும் ஈதர்நெற் அடப்ரர் ஒன்று போதும். ஆர்டிஎல்8153 அல்லது ஏஎக்ஸ்88179 சிப் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் லினக்ஸின் மையமான கேர்னலில் ட்ரைவர் ஏற்கெனவே இருக்கிறது. கட்டடத்துக்குக் கட்டடம் போகும் இணைப்பைத் திரும்பவும் செம்பில் இழுக்காமல் ஃபைபரிலோ வயர்லெஸ்ஸிலோ கொடுங்கள்.

கார்டே காணவில்லை

‘ஐபி லிங்க்’கில் ‘எல்ஓ’ மட்டும் வருகிறது. ‘எல்எஸ்பிசிஐ -கே’ தட்டி ‘ஈதர்நெற் கொன்ரோலர்’ என்ற வரியைத் தேடுங்கள். வரியே இல்லையென்றால் பயோஸில் (கணினி தொடங்குமுன் வரும் அமைப்புப் பக்கம்) ஒன்போர்ட் லான் நிறுத்தப்பட்டிருக்கிறதா பாருங்கள். வரி இருந்து, அதன்கீழ் ‘கேர்னல் ட்ரைவர் இன் யூஸ்’ இல்லையென்றால் ட்ரைவர் ஏறவில்லை.

நேற்றுவரை ஓடி, அப்டேற் போட்டபின் போனதென்றால் கணினி தொடங்கும்போது குரப் மெனுவில் (எதைத் தொடக்குவது என்று கேட்கும் பட்டியல்) ‘அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்’ போய்ப் பழைய கேர்னலைத் தெரிவு செய்யுங்கள். அதில் வேலை செய்தால் காரணம் மூன்றில் ஒன்று. உபுண்டுவில் ‘லினக்ஸ்-மொடியூல்ஸ்-எக்ஸ்ட்ரா’ என்ற பொதி புதுக் கேர்னலோடு சேர்ந்து வராமல் போயிருக்கும். பல லான் ட்ரைவர்கள் அதற்குள்தான். அல்லது தனியாகப் போட்ட ‘ஆர்8168’ போன்ற ட்ரைவர், கேர்னலின் ஹெடர் பொதி இல்லாததால் புதிதாகக் கட்டப்படவில்லை. அல்லது செக்கியூர் பூட் என்ற பயோஸ் பாதுகாப்பு, கையொப்பமில்லாத ட்ரைவரை ஏறவிடவில்லை; அப்போது ட்ரைவரை ஏற்றும் ‘மொட்புரோப்’ கட்டளை ‘கீ வோஸ் ரிஜெக்ரட்’ என்று சொல்லும். றியல்ரெக் கார்டுகள் பலவற்றுக்குக் கேர்னலோடு வரும் ‘ஆர்8169’ போதும். தனி ட்ரைவரைப் போட்டு அது தரும் தொல்லையைச் சுமக்க வேண்டிய கட்டாயம் இப்போது குறைவு. டெபியனில் ‘ஃபேர்ம்வேர்-றியல்ரெக்’ பொதியும் வேண்டும். 2023இல் வந்த டெபியன் 12 முதல் நிறுவும் தட்டிலேயே ஃபேர்ம்வேர் இருக்கிறது, அதற்கு முந்தியவற்றில் தனியே போடவேண்டும்.

பொதி இறக்க இன்ரநெற் வேண்டுமே என்றால், அன்ட்ரொய்ட் போனை சார்ஜ் வயரால் கணினியில் கொழுவி ‘யுஎஸ்பி ரெதரிங்’கைப் போடுங்கள். கணினி அதை ஒரு வயர் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். டேற்றா மிச்சம் எவ்வளவு என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள், கேர்னல் பொதிகள் சின்னதல்ல.

லைற் எரிகிறது, ஆனால் மெதுவாக அல்லது விட்டு விட்டு

‘சூடோ ஈத்ரூல் ஈஎன்பி3எஸ்0’ தட்டி ‘ஸ்பீட்’ என்ற வரியைப் பாருங்கள். 1000 (விநாடிக்கு மெகாபிற்) வரவேண்டிய இடத்தில் 100 என்றால், வயரின் நீலச் சோடியோ கபிலச் சோடியோ அறுந்திருக்கலாம். 100க்குச் செம்மஞ்சள், பச்சை இரண்டு சோடி போதும். 1000க்கு நான்கு சோடியும் வேண்டும். குறடை எடுக்குமுன் அதே வெளியீட்டில் ‘லிங்க் பார்ட்னர் அட்வடைஸ்ட்’ என்ற பகுதியை வாசியுங்கள். அங்கே 1000 என்றே இல்லையென்றால் ரவுட்டரின் போர்ட்டே 100தான், வயரில் குற்றமில்லை. மலிவான ரவுட்டர்கள் பலவற்றில் இப்படித்தான்.

விட்டு விட்டுப் போனால் ‘சூடோ டிஎம்இஎஸ்ஜி -டபிள்யூ’ தட்டித் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு வயரை மெல்ல அசையுங்கள். அசைக்கும்போதெல்லாம் ‘லிங்க் இஸ் டவுன்’ வந்தால் பிளக். அசைக்காமலே வந்தால் ‘சூடோ ஈத்ரூல் --செற்-ஈஈஈ ஈஎன்பி3எஸ்0 ஈஈஈ ஓஃப்’ என்று மின்சேமிப்பை நிறுத்திப் பாருங்கள். இது கணினியை மறுபடி தொடக்கும்வரைதான் நிற்கும். ‘ரான்ஸ்மிற் கியூ ரைம்ட் அவுட்’ என்ற வரி வந்தால் பிசிஐ மின்சேமிப்பில் சந்தேகம் வையுங்கள். குரப் அமைப்பில் ‘பிசிஐஈ_ஏஎஸ்பிஎம்=ஓஃப்’ சேர்த்து ‘சூடோ அப்டேற்-குரப்’ ஓட்டி மறுதொடக்கம் செய்யவேண்டும். லப்ரொப்பென்றால் பற்றரி சற்று வேகமாக இறங்கும்.

லைற் எரிகிறது, முகவரி இல்லை

‘என்எம்சிஎல்ஐ டிவைஸ்’ தட்டுங்கள். நிலை (‘ஸ்ரேற்’) என்ற நிரலில் வரும் ஒரு சொல்லே பாதி விடை. ‘அனவெய்லபிள்’ என்றால் மேலே சொன்ன வயர்ப் படிக்குத் திரும்புங்கள். ‘டிஸ்கனெக்ரட்’ என்றால் கார்ட் தயார், புரொஃபைல் (சேமித்து வைத்த இணைப்பு அமைப்பு) ஓடவில்லை. ‘அன்மனேஜ்ட்’ என்றால் இணைப்புகளைக் கவனிக்கும் நெற்வேர்க்மனேஜர் என்ற மென்பொருள் அந்தக் கார்டைத் தன்னுடையதாக எடுக்கவில்லை.

‘அன்மனேஜ்ட்’ டெபியனில் வந்தால் ‘/ஈடிசி/நெற்வேர்க்/இன்ரஃபேசஸ்’ கோப்பைத் திறவுங்கள். உங்கள் கார்டின் பெயர் அங்கே எழுதியிருந்தால் நெற்வேர்க்மனேஜர் ஒதுங்கி நிற்கும். அந்த வரிகளின் முன் ஹாஷ் குறி போட்டு ‘சூடோ சிஸ்டெம்சிடிஎல் ரீஸ்ராட் நெற்வேர்க்மனேஜர்’. இதில் கடைசிச் சொல்லின் ‘என்’, ‘எம்’ இரண்டும் பெரிய எழுத்து. உபுண்டுவில் ‘/ஈடிசி/நெற்பிளான்’ கோப்புறையில் உள்ள கோப்பில் ‘ரென்டரர்’ (கார்டைக் கவனிக்கும் மென்பொருள்) எது என்று பாருங்கள். சேர்வர் பதிப்பைப் போட்டு அதன்மேல் டெஸ்க்ரொப்பை ஏற்றியவர்களுக்கு அது ‘நெற்வேர்க்டி’ என்று இருக்கலாம், அல்லது அந்த வரியே இல்லாமலிருக்கலாம். ‘நெற்வேர்க்மனேஜர்’ என்று மாற்றி ‘சூடோ நெற்பிளான் ட்ரை’ ஓட்டுங்கள். பிடிக்காவிட்டால் 120 விநாடியில் தானே பழையபடி திரும்பும் என்பதால் ‘அப்ளை’யைவிட இது நல்லது. அந்தக் கோப்பில் ராப் விசையை அழுத்தவேண்டாம், இடைவெளிகள் மட்டும்.

எஸ்எஸ்டி அல்லது கிரஃபிக்ஸ் கார்ட் புதிதாகப் பூட்டியபின் போனதென்றால் பெயரைப் பாருங்கள். ‘ஈஎன்பி3எஸ்0’இல் வரும் 3, கார்ட் எந்தப் பிசிஐ வழியில் இருக்கிறது என்பதைச் சொல்வது. இன்னொரு சாமான் உள்ளே வந்தால் எண் நகர்ந்து 4 ஆகலாம். கோப்பில் பழைய பெயர் இருந்தால் புதுப் பெயரை யாரும் கவனிக்கமாட்டார்கள். பெயரைத் திருத்தினால் தீர்ந்தது.

புரொஃபைல் பழுதென்று சந்தேகித்தால் ‘என்எம்சிஎல்ஐ கனெக்ஷன் ஷோ’ பார்த்து, பழையதை அழித்து, ‘சூடோ என்எம்சிஎல்ஐ கனெக்ஷன் அட் ரைப் ஈதர்நெற் ஐஎஃப்நேம் ஈஎன்பி3எஸ்0 கொன்-நேம் வீடு’ என்று புதிதாக ஒன்று போடுங்கள். பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். தானாக உருவான ‘வயர்ட் கனெக்ஷன் 1’ஐ அழித்தால் அது தானாகத் திரும்ப வராது, நீங்கள்தான் போடவேண்டும்.

‘ஐபி ஏ’ தட்டும்போது 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தேடச் சொல்வார்கள். அது விண்டோஸ் பழக்கம். நெற்வேர்க்மனேஜர் உள்ள லினக்ஸில் டிஎச்சிபி (ரவுட்டர் தானாக முகவரி கொடுக்கும் முறை) கிடைக்காவிட்டால் அநேகமாக ‘எஃப்இ80’ என்ற ஐபிவி6 முகவரி மட்டுமே நிற்கும். 45 விநாடி பொறுத்துவிட்டு அது தோல்வி என்று அறிவிக்கும். லைற் எரிந்தும் இப்படியென்றால் ரவுட்டரை ஒருமுறை நிறுத்திப் போடுங்கள். பள்ளிக்கூடம், அலுவலகம் என்றால் வேறு இரண்டு காரணம்: பெரிய சுவிட்சுகள் வயர் கொழுவியபின் சுமார் 30 விநாடி வழி திறக்காது, கார்டின் மாக் முகவரியைப் (ஒவ்வொரு கார்டுக்கும் உரிய தனி எண்) பதிந்து வைத்திருக்கும் இடங்களில் யுஎஸ்பி அடப்ரர் மாற்றினால் மாக் மாறும், அதை நிர்வாகிக்குச் சொல்லவேண்டும்.

முகவரி இருக்கிறது, வெளியே போகவில்லை

‘ஐபி ரூட்’. ‘டிஃபோல்ட் வியா’ என்று தொடங்கும் வரியில் வரும் எண் உங்கள் ரவுட்டருடையதா? முதலில் ‘பிங் -சி 4’ போட்டு அந்த எண்ணையும், பிறகு 8.8.8.8ஐயும் (இன்ரநெற்றில் இருக்கும் கூகிளின் சேர்வர்) தட்டிப் பாருங்கள்.

ரவுட்டரே பதில் தராவிட்டால் பெரும்பாலும் கையால் போட்ட முகவரி. ரவுட்டர் 192.168.8.1ஆக இருக்க, கணினியில் பழைய ரவுட்டர் காலத்து 192.168.1.50 குந்தியிருக்கும். ஃபைபரிலிருந்து 4ஜி ரவுட்டருக்கோ மறுபக்கமோ மாறியவர்கள் இதைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

எண் அறிமுகமில்லாததாக இருந்தால் வீட்டில் இரண்டு ரவுட்டர் முகவரி கொடுத்துக்கொண்டிருக்கின்றன. பழைய ரவுட்டரைப் பின் அறையில் வைஃபை நீட்டப் போடுகிறோம்; அதன் டிஎச்சிபியை நிறுத்த மறக்கிறோம். எது முந்திப் பதில் சொல்கிறதோ அதன் முகவரி கணினிக்கு. அதனால்தான் காலையில் வரும், பின்னேரம் வராது. பழையதன் டிஎச்சிபியை நிறுத்துங்கள்.

‘மெற்றிக்’ என்ற எண்ணும் பேசும். வயருக்கு வழக்கம் 100, வைஃபைக்கு 600, சிறியது முந்தும். வயரில் 20100 என்று கண்டால், அந்த வழியால் இன்ரநெற் எட்டவில்லை என்று நெற்வேர்க்மனேஜரே சோதித்துப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறது.

8.8.8.8 பதில் தருகிறது, பக்கம் திறக்கவில்லை

பெயர் தேடல் பிழை. ‘ரிசொல்வ்சிடிஎல் ஸ்ரேற்றஸ்’ பாருங்கள். கார்டின்கீழ் டிஎன்எஸ் (பெயரை எண்ணாக மாற்றித் தரும் சேர்வர்) எண் ஒன்றும் இல்லையென்றால் புரொஃபைலில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 கொடுங்கள். விபிஎன் போட்டு எடுத்தவர்கள் ‘/ஈடிசி/ரிசொல்வ்.கொன்ஃப்’ இன்னும் அதன் எண்ணையே வைத்திருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும்.

பிங் பெயருக்கும் போகிறது, பிரவுசர் மட்டும் சான்றிதழ் பிழை காட்டுகிறது என்றால் ‘ரைம்டேற்சிடிஎல்’ தட்டுங்கள். வருடம் பின்னுக்குப் போயிருந்தால் மதர்போர்டின் சிஆர்2032 பற்றரி முடிந்துவிட்டது. 3 வோல்ட் பற்றரி அது. கரன்ட் போகும்போதெல்லாம் நேரம் பின்னோக்கி ஓடும், தளங்களின் சான்றிதழ்களெல்லாம் ‘இன்னும் தொடங்கவில்லை’ என்று தெரியும். இப்போதைக்குத் திகதியைக் கையால் சரிசெய்து, நேரவலயம் ‘ஏசியா/கொழும்பு’ என்று இருக்கிறதா பார்த்து, ‘சூடோ ரைம்டேற்சிடிஎல் செற்-என்ரிபி ட்ரூ’ போடுங்கள். பற்றரி மாற்றியபின் பயோஸ் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பியிருக்கலாம். ஒன்போர்ட் லான் ‘எனேபிள்ட்’ என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடியைப் பூட்டுங்கள்.